ஊன்றிய காலே ஆசனம்

ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்களைப் பார்ப்பவரின் கண் இயல்பாகவே தூக்கிய காலுக்குத்தான் போகிறது. பாதம் எவ்வளவு உயரத்தில் ஒட்டியிருக்கிறது, கைகள் எவ்வளவு நேராக எழுந்திருக்கின்றன என்பவற்றை வைத்தே ஆசனம் நன்றாக அமைந்ததா இல்லையா என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் முப்பது ஆண்டுகளாக ஆசனம் கற்பித்துவரும் இக்கட்டுரையாளருக்கோ, வகுப்பில் ஆசிரியர் பார்க்க வேண்டிய இடம் தரைதான் என்பது தொழிலின் தொடக்க ஆண்டுகளிலேயே தெளிவாகிவிட்டது. ஒரு காலை ஊன்றி, மறு காலின் பாதத்தை உள்தொடையில் பதித்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி நிற்கும் விருட்சாசனத்தில், அதாவது மர நிலையில், பெரும்பகுதி வேலை ஊன்றிய பாதத்துக்கும் தரைக்கும் இடையில்தான் நடக்கிறது. இந்த ஓர் உண்மையைத் தொழில் எப்போதெல்லாம் மறந்தது, எப்போதெல்லாம் நினைவுபடுத்திக்கொள்ள நேர்ந்தது என்பதே முப்பது ஆண்டு அனுபவத்தின் சாரம் எனலாம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்த காலத்தில், யோகாவுக்கென்று தனிக் கூடம் எதுவும் இக்கட்டுரையாளருக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து வராந்தாவும், முகூர்த்தம் இல்லாத நாள்களில் திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடமுமே வகுப்பறைகளாக இருந்தன. வந்தவர்களில் பலர், கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பமொன்றில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி எளிமைப்படுத்தித் தந்த உடற்பயிற்சிகளை மனவளக்கலை மன்றங்களில் பழகிவிட்டு, அதன் பிறகு ஆசனமும் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவர்கள். விரிப்பு என்பது வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளம். நின்று செய்யும் ஆசனங்களின்போது அதையும் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்பதே வழக்கம். பிற்காலத்தில் நுரை அடைத்த யோகா மேட் வந்து, அது தடிமனாக இருப்பதே தரம் என்ற எண்ணம் பரவியபோதுதான், பழைய வழக்கத்தில் இருந்த நன்மை புலப்பட்டது. மென்மையான பரப்பில் பாதம் அமிழ்வதால் தரை தரும் தகவல் மங்கிப்போய்க் கணுக்கால் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. சிமெண்ட் தரையில் உறுதியாக நின்றவரே தடித்த மேட்டின் மேல் தள்ளாடுவதை அடுத்தடுத்துப் பார்க்க முடிந்தது. இன்றும் இக்கட்டுரையாளரின் வகுப்புகளில் ஒற்றைக் கால் நிலைக்கு முன் மேட்டை விட்டு இறங்கச் சொல்வது மாறாத விதி.

அன்றைய வகுப்புகளுக்குப் பெண்கள் பெரும்பாலும் சேலையில்தான் வந்தார்கள். சேலை கட்டியவர் பாதத்தை உள்தொடை வரை உயர்த்துவது இயலாத காரியம் என்பதால், குதிகாலைக் கணுக்காலில் சாய்த்து, விரல் நுனியைத் தரையிலேயே வைத்துக்கொள்ளும் ஓர் எளிய வடிவம் உருவானது. கெண்டைக்கால் வரை உயர்த்த முடிந்தவர்கள் உயர்த்தினார்கள். இது தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது என்றாலும், நாளடைவில் ஒரு செய்தியைத் தெளிவாக்கியது. உள்தொடையில் பாதம் பதித்த ஆண்களைவிட, கணுக்காலில் சாய்த்து நின்ற பெண்கள் ஊன்றிய காலைக் கவனிக்க அதிக வாய்ப்புப் பெற்றிருந்தார்கள். சில வாரங்கள் கழித்து அவர்களுடைய நிலை கூடுதல் உறுதி பெற்றது. 2000-க்குப் பிறகு சுடிதார் பரவலானபோது, முதல் நாளிலேயே பாதத்தைத் தொடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரமும் கூடவே வந்தது. தூக்கிய பாதத்தை எங்கும் வைக்கலாம், முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் மட்டும் வைக்கக் கூடாது என்பதே இதில் கண்டிப்பான ஒரே விலக்கு. முன்னும் பின்னும் மடங்குவதற்காக அமைந்த அந்த மூட்டு பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் வகையில் அமையவில்லை.

ஊன்றிய பாதத்தில் கவனிக்க வேண்டியவை சில. பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகாலின் நடுப்பகுதி ஆகிய மூன்று புள்ளிகளிலும் எடை பரவ வேண்டும். விரல்கள் தரையை இறுகப் பற்றாமல் விரிந்து படிய வேண்டும். புதிதாகப் பழகுபவர் பயத்தில் விரல்களைச் சுருட்டித் தரையைப் பிடிக்கப் பார்ப்பார். அப்போது பாதத்தின் பரப்பு குறைந்து, தடுமாற்றம் கூடுகிறது. அடுத்துக் கவனிக்க வேண்டியது இடுப்பு. ஒரு காலைத் தூக்கியவுடன், தாங்கல் இழந்த அந்தப் பக்கத்து இடுப்பு கீழே சரிய முனைகிறது. ஊன்றிய காலின் பக்கம் இடுப்பின் வெளிப்புறத்தில் உள்ள நடுப் பிட்டத் தசைதான் அதைச் சமமாக நிறுத்துகிறது. இந்தத் தசை சோர்ந்திருப்பவர்கள் இடுப்பை ஒரு புறமாக ஒதுக்கி, எலும்பின் மேல் சாய்ந்து நிற்பார்கள். பார்வைக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றும் அந்த நிலையில் கால் உழைப்பதே இல்லை. எனவே, அசைவின்மையை வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய பாடமாக இருந்தது. இரண்டு காலில் நிற்கும்போதும் மனித உடல் மிகச் சிறிய அளவில் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது; ஒற்றைக் காலில் அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கும் வாய்ப்பை ஒரு மாணவனின் கேள்வி தந்தது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒற்றைக் காலில் நிற்கும் நீர்ப்பறவை அன்றாடக் காட்சி. பறவை தூங்கிக்கொண்டே நிற்கும்போது மனிதனால் ஏன் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை என்று கேட்ட அந்த மாணவனுக்கு அன்று சொல்லப்பட்டது, பறவையின் காலமைப்பு வேறு என்ற பொதுவான பதில். 2017-இல் யங்-ஹுய் சாங், லீனா டிங் என்ற இரு ஆய்வாளர்கள் பூநாரைகளை ஆராய்ந்து, உயிரற்ற பூநாரையின் உடலைக்கூடத் தசையின் உதவியின்றி ஒற்றைக் காலில் நிறுத்த முடிகிறது என்று காட்டிய பிறகு, அந்தப் பதிலுக்குத் திட்டவட்டமான சான்று கிடைத்தது. மனிதக் காலில் அப்படித் தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இல்லாததால், மனிதன் நின்ற நொடியிலிருந்து காலை இறக்கும் நொடி வரை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆசனம் என்பது அந்த இடைவிடாத திருத்தத்துக்கான பயிற்சி.

இந்த நிலையின் பழமையைப் பற்றி வகுப்பில் கேள்வி எழும்போதெல்லாம் நூலையும் சிற்பத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை விளக்கும் 15 ஆசனங்களில் மர நிலை இல்லை. பின்னர் தோன்றிய கேரண்ட சம்ஹிதை கூறும் 32 ஆசனங்களில் விருட்சாசனம் இடம்பெறுகிறது. சிற்பச் சான்றோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், கைகளை உயர்த்தி ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை அர்ச்சுனன் என்று ஒரு சாராரும், கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவமிருந்த பகீரதன் என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். அவரைப் போலவே நின்று எலிகளை ஏமாற்றும் பூனையும் அங்கேயே செதுக்கப்பட்டிருக்கிறது. தூக்கிய காலும் உயர்த்திய கையும் மட்டுமே தவம் ஆகிவிடாது என்பதைக் காட்ட அந்தப் பூனை பல ஆண்டுகளாக வகுப்பில் பயன்பட்டுவருகிறது.

அரியலூர் மாவட்டத்திலேயே, முதலாம் இராசேந்திர சோழன் தன் கங்கை வெற்றியின் நினைவாக எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் இருப்பதால், மாணவர்களை அங்கு அழைத்துச் செல்வதும் பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அக்கோயிலின் விமானச் சுவரில் உள்ள ஆடவல்லான் சிற்பத்தின் முன் நிற்கும்போது, எல்லோரும் குறுக்கே வீசிய இடக்காலையே பார்ப்பார்கள். முயலகன் மேல் ஊன்றிய வலக்காலைப் பார்க்கச் சொன்னால், அந்த முழங்கால் சற்றே மடங்கியிருப்பது தெரியும். முழங்காலைப் பின்னோக்கி இறுக்கிப் பூட்டிக்கொண்டு நிற்பதே உறுதி என்று எண்ணும் இளைஞர்களுக்கு, நூறு முறை சொல்லியும் ஏறாத செய்தி அங்கே ஒரு பார்வையில் ஏறிவிடுவதை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார். விருட்சாசனத்தில் ஊன்றிய கால் நேராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மூட்டு பூட்டப்பட்டால் கணுக்காலின் திருத்தம் மேலே செல்ல வழியின்றித் தடைபடுகிறது. மடங்கவும் நிமிரவும் ஆயத்தமாக இருக்கும் முழங்காலே நிற்பவரைக் காப்பாற்றுகிறது.

ஒருவர் நிற்கும் விதத்திலிருந்து அவருடைய வேலையை ஓரளவு ஊகிக்க முடியும் என்பது இந்தத் தொழில் தரும் பழக்கங்களில் ஒன்று. வயல் வரப்பில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களுக்கு விரல்கள் தாமாகவே விரிந்து படிகின்றன. குத்துக்காலிட்டுச் சின்ன வெங்காயம் அறுத்தும் களை எடுத்தும் பழகிய பெரம்பலூர்ப் பகுதிப் பெண்கள் பலருக்குக் கணுக்கால் நன்றாக மடங்கும், ஆனால் கைகளைக் காதோரமாக உயர்த்தத் தோள் இடம் கொடுக்காது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் படிவங்களை நம்பி வளர்ந்த சிமெண்ட் ஆலைகளில் ஷிப்ட் முழுவதும் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ அணிந்து நிற்பவர்களுக்கோ, விரல்கள் ஐந்தும் ஒன்றாகவே அசையும்; பெருவிரலை மட்டும் தனியே தூக்கச் சொன்னால் முடியாது. இவர்களுக்கு விருட்சாசனத்துக்கு முன் பல வாரங்கள் விரல்களை விரிப்பது, தரையில் கிடக்கும் துண்டை விரலால் இழுப்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது ஆகியவையே பயிற்சியாக அமைகின்றன. உடல் வலிமையில் குறைவில்லாத அந்தத் தொழிலாளர்கள் இப்பயிற்சிகளைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று முதலில் அலட்சியம் செய்தாலும், ஒற்றைக் காலில் நின்று சாக்ஸ் போட முடிகிறது என்று ஒருவர் வந்து சொன்னபின் மற்றவர்களும் அதைச் செய்யத் தொடங்கினார்கள். செருப்பும் மோட்டார் சைக்கிளும் வீட்டு வாசல் வரை வந்துவிட்ட இன்றைய தலைமுறையில், வரப்பில் நடந்த பாதம் வகுப்புக்கு வருவது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் நிலவிய கடும் மின்வெட்டு, எந்தப் பயிற்சிப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு பாடத்தை நடத்தியது. மாலை வகுப்பில் அனைவரும் மர நிலையில் நின்றிருந்தபோது மின்சாரம் நின்று கூடம் இருண்டது. அடுத்த நொடியே பெரும்பாலானோரின் கால்கள் தரையில் இறங்கும் ஓசை கேட்டது. உடலின் சமநிலைக்குக் கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் செய்தி அனுப்புகின்றன. இவற்றுள் கண்ணை மட்டும் நம்பி நின்றவர்கள் இருளில் ஆதரவிழந்தார்கள். எதிரே உள்ள அசையாத ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்துவதைத் திருஷ்டி என்று யோக மரபு சொல்வதும், அது தொடக்கத்தில் பெரிதும் உதவுவதும் உண்மைதான். எனினும் அந்தப் புள்ளி இல்லாதபோது பாதம் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும் என்பதால், அதன் பிறகு வகுப்புகளில் பார்வையை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துவதும், சுவருக்கு அருகில் நின்று ஓரிரு நொடி கண்ணை மூடுவதும் சேர்க்கப்பட்டன.

இந்தப் பயிற்சியின்போது வெளிப்பட்ட மற்றொன்று, நீரிழிவு உள்ளவர்களின் நிலை. நெடுநாள் நீரிழிவு பாதத்து நரம்புகளைப் பாதிக்கும்போது, தரை மெத்தையைப்போல் தோன்றுகிறது என்றோ கால் மரத்திருக்கிறது என்றோ அவர்கள் சொல்வார்கள். வெளிச்சத்தில் சமாளித்து நிற்கும் அவர்கள், கண்ணை மூடிய உடனே சாய்ந்துவிடுவார்கள். இத்தகையவர்களை மேலும் பயிற்சி செய்யச் சொல்லாமல் முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டச் சொல்வதே ஆசிரியரின் கடமை. ஆசனம் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று சொல்லிப் பெயர் வாங்குபவர்கள் இந்தத் தொழிலில் எப்போதும் உண்டு. ஆனால் தன் எல்லைக்கு உட்பட்டதையும் மருத்துவருக்கு உரியதையும் பிரித்துச் சொல்பவரிடமே மக்கள் பத்தாண்டுகளுக்குப் பிறகும் திரும்பி வருகிறார்கள்.

இதே காலத்தில் பள்ளி மாணவர்களுக்கான யோகாசனப் போட்டிகள் பெருகின. ஞாயிற்றுக்கிழமை திருமண மண்டபங்களில் நடக்கும் இப்போட்டிகளில் வயது வாரியாகப் பிள்ளைகள் மேடையேறி, நடுவர் நொடிகளை எண்ணி முடிக்கும் வரை நிலையில் நிற்பார்கள். பதக்கமும் சான்றிதழும் கிடைப்பதால் பெற்றோருக்கு இவற்றில் ஆர்வம் மிகுதி. 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக முறையாக ஏற்று, அதன் பின் கேலோ இந்தியா போட்டிகளிலும் அது இடம்பெற்றதால், திறமையுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு உண்மையான வாய்ப்புகள் திறந்தன. மறுபுறம், மேடையில் மதிப்பெண் பெறுவது காலின் உயரமும் முதுகின் வளைவுமே என்பதால், பின்னால் தூக்கிய காலைக் கையால் பற்றி நிற்கும் நடராஜாசனத்தை, ஊன்றிய கணுக்கால் உள்ளே சரிந்த நிலையிலேயே பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். பயிற்சியில் ஊன்றிய பாதத்தைச் சீராக்கிய பின்னரே மறு காலை உயர்த்த அனுமதிக்கும் ஆசிரியரின் மாணவர்கள் பரிசு பெற ஓராண்டு கூடுதலாகலாம். அந்த ஓராண்டைப் பெற்றோரிடம் கேட்டுப் பெறுவதுதான், பயிற்சி அளிப்பதைக் காட்டிலும் கடினமான வேலையாக இருந்துவருகிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2014 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தைத் தொடர்ந்து, 2015 ஜூன் 21 அன்று முதல் உலக யோகா தினம் கொண்டாடப்பட்டபோது தொழிலின் முகமே மாறியது. அதுவரை வகுப்பு நடத்தச் சாவி கேட்டு அலைந்த ஆசிரியர்களுக்கு, அலுவலகங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கின. அன்று நாடெங்கும் பின்பற்றப்படும் பொது யோகா நெறிமுறையில் தாடாசனத்தை அடுத்து விருட்சாசனம் இருப்பதால், ஆசனமே பழகாத நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கு ஒரு முறை மைதானத்து மேடுபள்ளத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஆனி மாதக் காற்றில் வரிசைகள் அலைவதும், புகைப்படம் எடுத்து முடியும் வரை காலை இறக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொள்ளப்படுவதும் இதில் வழக்கமாகிவிட்டன. அந்த நாளால் ஆசனம் எல்லா வீடுகளுக்கும் அறிமுகமானது பெரிய நன்மை. ஆயினும் ஜூலை மாதத்தில் வகுப்பில் சேர்ந்து ஆடி முடிவதற்குள் நின்றுவிடுபவர்களே அதிகம் என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த கணக்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வகுப்புகள் கைபேசித் திரைக்கு மாறின. மாணவர்கள் கைபேசியை மேசையில் வைத்துத் தங்கள் முகமும் தோளும் தெரியுமாறு நின்றார்கள். உயர்த்திய கைகள் தெரிந்தன, பாதம் தெரியவில்லை. கைபேசியைத் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைக்கச் சொன்ன பின்பு திரை முழுவதும் பாதங்களாக நிறைந்தன. நேரடி வகுப்பில் கூட்டத்துக்கு நடுவே கண்ணில் படாத குறைகள், குறிப்பாகக் குதிகால் வெளியே திரும்புவதும் பாதத்தின் உள்வளைவு தரையோடு படிவதும், அந்தக் கோணத்தில் தெளிவாகத் தெரிந்தன. வீட்டில் தனியே இருந்த முதியவர்களைப் பார்த்துத் திருத்த இந்த ஏற்பாடு பெரிதும் கைகொடுத்ததால், ஊரடங்கு முடிந்த பிறகும் சிலருக்கு அதே முறை தொடர்கிறது.

முதியவர்களே இன்று இத்தொழிலின் மையமாகிவிட்டார்கள். 51 முதல் 75 வயதுக்கு உட்பட்ட 1,702 பேரைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்க இயலாதவர்கள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் என்றும், அவர்களிடையே அடுத்த ஆண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது என்றும் தெரிவித்தது. இச்செய்தி வாட்ஸ்அப்பில் பரவியபோது, பத்து நொடி நிற்காவிட்டால் ஆயுள் முடிந்தது என்ற அச்சத்தோடு வகுப்புக்கு வந்தவர்கள் உண்டு. நிற்க இயலாமை இறப்புக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை; உடலில் ஏற்கெனவே உள்ள தளர்ச்சியை அது வெளிக்காட்டும் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. அதே வேளையில், உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கிறார்கள் என்பதும், இடுப்பு எலும்பு முறிந்த முதியவரைப் பராமரிப்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதும் சேர்ந்து, இந்த எளிய நிலையின் மதிப்பை உயர்த்திவிட்டன.

அவர்களுக்கான வகுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு முன் சேலைக்காக உருவான வடிவமே மீண்டும் பயன்படுகிறது. சமையல் மேடையையோ சுவரையோ ஒரு கையால் தொட்டு, குதிகாலைக் கணுக்காலில் சாய்த்து, விரல் நுனியைத் தரையில் வைத்து நிற்பது முதல் படி; விரலைத் தரையிலிருந்து எடுப்பது இரண்டாம் படி; சுவரைத் தொட்ட கையை ஒரு விரலளவுக்குக் குறைப்பது மூன்றாம் படி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கைகளை மார்பளவிலேயே கூப்பிக்கொள்கிறார்கள். பாதம் தொடையை எட்ட வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை, அதற்கான தேவையும் எழுவதில்லை.

எத்தனை நொடி நின்றார் என்பதை இவ்வகுப்பில் இப்போது எண்ணுவதில்லை. தடுமாற்றம் வந்தபோது மூச்சைப் பிடிக்காமல் கணுக்காலாலேயே சமாளித்தாரா, முடியாதபோது விழுவதற்கு முன்பே தூக்கிய காலைத் தானாகவே இறக்கினாரா என்ற இரண்டும் மட்டுமே கவனிக்கப்படுகின்றன. ஈரமான குளியலறையிலும், நிறுத்தத்தில் முழுதாக நிற்காத பேருந்தின் படியிலும் ஒருவருக்கு உதவப்போவது இந்தத் திறன்கள்தாம் என்பதால், மாணவர் மர நிலையில் உறுதியாக நிற்கத் தொடங்கியதும் அடுத்த பாடமாகக் கடினமான ஆசனம் எதுவும் தரப்படுவதில்லை; அதே நிலையிலிருந்து மெல்ல இறங்குவதும், மறு காலில் மீண்டும் ஏறுவதுமே தரப்படுகின்றன.